வீட்டு இணையமும் மொபைலும் ஒரே பில்லில்: புதிதாக வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

வீட்டுக்கு இணைய இணைப்பு வேண்டும் என்று விசாரித்தாலே அடுத்த கேள்வி வந்துவிடுகிறது: "வீட்டுல எத்தனை மொபைல் இருக்கு? எல்லாத்தையும் எங்ககிட்டயே மாத்திட்டா மொத்தமா குறைச்சுத் தர்றோம்." இப்படி வீட்டு இணையம், மொபைல் எண்கள், சில நேரம் ஓடிடி சந்தா வரை எல்லாவற்றையும் ஒரே மாதக் கட்டணத்தில் சேர்த்துத் தருவதைத்தான் காம்போ, பண்டில், ஃபேமிலி பிளான் என்று விதவிதமான பெயர்களில் விற்கிறார்கள். முதல்முறை வாங்குபவருக்கு இது நல்ல பேரமா இல்லையா என்று கண்டுபிடிப்பது லேசான காரியமில்லை. தள்ளுபடி மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும்; மற்றதெல்லாம் நிபந்தனைகளுக்குள் எங்கோ இருக்கும்.

ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மீதி தானாக விளங்கும். வீட்டு இணையம் ஒரு முகவரிக்கு உரியது. மொபைல் எண் ஒரு ஆளுக்கு உரியது. காம்போ இந்த இரண்டுக்கும் முடிச்சுப் போடுகிறது. ஆட்கள் அதே முகவரியில் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. வீடு மாறும்போதும், பிள்ளை படிக்கக் கிளம்பும்போதும், புது முகவரியில் அந்தக் கம்பெனியின் கேபிளே இல்லாதபோதும்தான் முடிச்சு எவ்வளவு இறுகியிருக்கிறது என்று தெரியும்.

ஏன் இவ்வளவு ஆசையாகக் கூப்பிடுகிறார்கள்

ஒரு சேவை மட்டும் வாங்கியவர் சுலபமாக வேறு கம்பெனிக்குப் போய்விடுவார். இணையமும் நாலு சிம்மும் ஒரே இடத்தில் வைத்திருப்பவர் அவ்வளவு சீக்கிரம் நகரமாட்டார். வீட்டில் எல்லோரையும் சம்மதிக்க வைக்க வேண்டுமே. உங்களுக்குத் தரும் தள்ளுபடி, நீங்கள் போகாமல் இருப்பதற்குக் கம்பெனி கொடுக்கும் விலை. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, வியாபாரம் அப்படி.

ஸ்பெயினில் டெலிஃபோனிகா என்ற தொலைத்தொடர்புக் கம்பெனி 2012 அக்டோபரில் 'மூவிஸ்டார் ஃப்யூஷன்' என்ற பெயரில் வீட்டு இணையத்தையும் மொபைலையும் ஒரே விலைக்குள் கொண்டுவந்தது. போட்டியாளர்களும் அதே வழியில் இறங்கினார்கள். இன்று அங்கே வீட்டு இணையம் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் மொபைலையும் அதனுடன் சேர்த்தே வாங்குகிறார்கள். அமெரிக்காவில் கேபிள் கம்பெனிகளுக்குச் சொந்த மொபைல் டவர் கிடையாது; இருந்தாலும் காம்காஸ்ட் 2017-லும் சார்ட்டர் 2018-லும் வெரிசான் என்ற மொபைல் கம்பெனியின் நெட்வொர்க்கை வாடகைக்கு எடுத்து, தங்கள் இணைய வாடிக்கையாளர்களுக்கு மொபைல் சேவை விற்க ஆரம்பித்தன.

வாங்குபவர் பக்கமும் விருப்பம் உண்மையானதுதான். ஒரே பில், ஒரே தேதி, குறை சொல்ல ஒரே எண். வீட்டில் கணக்கு வழக்கு பார்க்கும் ஒருவருக்கு மாதம் அஞ்சு இடத்தில் பணம் கட்டுவது எவ்வளவு எரிச்சல் என்று தெரியும். அந்த நிம்மதிக்கு ஒரு மதிப்பு உண்டு. அது எவ்வளவு என்பதைத்தான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

முதல் படி: உங்கள் வீடு எவ்வளவு செலவழிக்கிறது என்று பாருங்கள்

பிளான் பட்டியலைத் திறப்பதற்கு முன் உங்கள் போனின் செட்டிங்ஸைத் திறங்கள். மொபைல் டேட்டா எவ்வளவு போயிருக்கிறது என்று அங்கே தெரியும். கம்பெனியின் ஆப்பில் மாதவாரியாகவே கிடைக்கும். வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் கடந்த மூன்று மாதத்துக்கு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மூன்று மாதம் போதும். பயணம், விடுமுறை என்று ஏதாவது ஒரு மாதம் தூக்கலாக இருந்தாலும் அதில் பிடிபட்டுவிடும்.

இங்கேதான் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு நல்ல வைஃபை வந்துவிட்டால் மொபைல் டேட்டா தேவை சடசடவென்று குறையும். நாளின் பெரும்பகுதி வீட்டிலோ, அலுவலகத்திலோ வைஃபையில் இருக்கும் போனுக்கு, வெளியே போகும் நேரத்துக்கு மட்டும் டேட்டா இருந்தால் போதும். காம்போ விற்பவரோ இரண்டையும் தாராளமாகத் தருவார்: வீட்டில் வரம்பற்ற வைஃபை, ஒவ்வொரு சிம்மிலும் வரம்பற்ற டேட்டா. வீட்டை விட்டு அதிகம் வெளியே போகாத பெரியவர் ஒருவரின் சிம்மில் வரம்பற்ற 5ஜி டேட்டா இருந்து என்ன பயன்? எனக்குத் தெரிந்து, தள்ளுபடியில் மிச்சமாகும் பணத்தைவிட, தேவையில்லாத மொபைல் பிளானைக் குறைப்பதில் மிச்சமாகும் பணம்தான் பெரும்பாலான வீடுகளில் அதிகம்.

அதனால் வீட்டில் இப்போது வைஃபை இல்லை என்றால், தாளில் எழுதிய மொபைல் கணக்கு உங்கள் எதிர்காலத் தேவை இல்லை. அதில் வீட்டுக்குள் ஓடியது எவ்வளவு, வெளியே ஓடியது எவ்வளவு என்று உத்தேசமாகவாவது பிரித்துப் பாருங்கள். வெளியே ஓடியதற்கு மட்டும் சிம் வாங்கினால் போதும்.

வீட்டு இணையத்தின் வேகம் அடுத்தது. விளம்பரத்தில் வருவது மெகாபிட். நாம் ஃபைல் அளவு பார்ப்பது மெகாபைட்டில். 8 பிட் சேர்ந்தது 1 பைட். ஆக 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) இணைப்பில், எல்லாம் சரியாக ஓடினாலும், நொடிக்கு 12.5 மெகாபைட்தான் இறங்கும். 50 ஜிபி கேம் ஒன்றை இறக்க ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். 300 எம்பிபிஎஸ் என்றால் இருபத்தி இரண்டு நிமிடம் போல. இந்த வித்தியாசத்துக்கு மாதாமாதம் கூடுதலாகக் கட்டலாமா என்பது கேம் எத்தனை முறை இறக்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

அன்றாடத் தேவை இதைவிடக் குறைவு. நெட்ஃப்ளிக்ஸ் 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் பரிந்துரைக்கிறது, முழு எச்டிக்கு 5. தெளிவான வீடியோ கால் ஒன்றுக்கு 4 எம்பிபிஎஸ் போல. ஒரே நேரத்தில் இரண்டு டிவியில் 4கே, இரண்டு பேர் மீட்டிங்கில், மீதிப் போன்களில் ஏதோ ஓடுகிறது என்று வைத்தாலும் 50-ஐத் தாண்டாது. நாலு பேர் வீட்டுக்கு 100 எம்பிபிஎஸ் தாராளம். காம்போக்களில் 500, 1000 என்று வரும் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அப்லோடு வேகத்தைக் கேளுங்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கும், வீடியோ ஏற்றுபவருக்கும் அதுதான் உயிர். பழைய செம்புக் கம்பியிலும் கேபிள் டிவி வழி வரும் இணையத்திலும் அப்லோடு வழக்கமாக டவுன்லோடைவிட ரொம்பக் குறைவாக இருக்கும்.

இரண்டாம் படி: வாசல் வரை எது வருகிறது

"ஃபைபர்" என்று எழுதியிருப்பதாலேயே கண்ணாடி இழை உங்கள் வீட்டுக்குள் வருகிறது என்று அர்த்தமில்லை. சில இடங்களில் தெருமுனைப் பெட்டி வரை ஃபைபர், அங்கிருந்து பழைய செம்புக் கம்பி. வீட்டுக்குள் வரும் ஒயர் என்ன, சுவரில் மாட்டப்போகும் பெட்டி என்ன என்று நேராகக் கேளுங்கள். ஃபைபரே வந்தாலும் அது பங்கு போட்ட ஃபைபர்தான். பரவலாக இருக்கும் ஜிபான் தொழில்நுட்பத்தில் சுமார் 2.5 ஜிகாபிட் டவுன்லோடும் 1.25 ஜிகாபிட் அப்லோடும் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. எல்லோரும் ஒரே நொடியில் முழு வேகத்தில் இழுப்பதில்லை என்பதால் இது பொதுவாகச் சமாளித்துவிடும். ஆனாலும் அக்கம்பக்கத்தில் ஏற்கெனவே வைத்திருப்பவரிடம், "ராத்திரி ஒன்பது மணிக்கு எப்படி ஓடுது?" என்று கேட்பது எந்த விளம்பரத்தையும்விட மேல்.

இன்னொரு வகை, மொபைல் டவரிலிருந்தே வீட்டுக்கு வரும் 5ஜி இணையம். கேபிள் இழுக்க வேண்டாம், பெட்டியை ஜன்னலோரம் வைத்தால் போதும். வாடகை வீட்டுக்காரர்களுக்கு இது வசதி. ஆனால் காம்போவில் இதை எடுத்தால் வீட்டு இணையமும் போனும் ஒரே டவரை நம்பி இருக்கும். டவர் படுத்தால் இரண்டும் சேர்ந்து படுக்கும். நெரிசல் நேரத்தில் மொபைல் வாடிக்கையாளருக்கு முன்னுரிமை கொடுத்து வீட்டுப் பெட்டியின் வேகத்தைக் குறைக்கும் திட்டங்களும் உண்டு. நிபந்தனைகளில் இருக்கும், தேடிப் படியுங்கள்.

மொபைல் பக்கமும் இதேபோல் சோதிக்க வேண்டும், அதுவும் வீட்டுக்குள் நின்று. நல்ல இணையம் தரும் கம்பெனிக்கு உங்கள் படுக்கையறையில் சிக்னல் இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. கேபிளில் வரும் இணையமும் மொபைலும் வேறு வேறு நெட்வொர்க். தற்காலிக ப்ரீபெய்டு சிம் ஒன்றை, அல்லது இ-சிம்மை, இரண்டாவது சிம்மாகப் போட்டு ஒரு வாரம் வைத்திருங்கள். நீங்கள் வேலைக்குப் போகும் வழி, லிஃப்ட் பக்கம், வண்டி நிறுத்துமிடம் எல்லாம் பாருங்கள். வீட்டுக்குள் சிக்னல் சுமார் என்றால் வைஃபை காலிங் கைகொடுக்கும்: பேச்சு டவருக்குப் பதில் வீட்டு இணையத்தில் போகும். இதற்கு இணையமும் மொபைலும் பொதுவாக ஒரே கம்பெனியாக இருக்க வேண்டியதில்லை. "எங்க சிம் எடுத்தாத்தான் வைஃபை கால் நல்லா வரும்" என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். உங்கள் போன் மாடலும் சிம் கம்பெனியும் அதை ஆதரிக்கிறதா என்பதுதான் கேள்வி.

மூன்றாம் படி: தள்ளுபடியைப் பிரித்துப் போட்டுக் கூட்டுங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். ஒரு கணக்கு பார்க்கலாம். பணத்தை வெறும் அலகாக வைத்துக்கொள்வோம்.

ஒரு வீட்டில் இணையத்துக்கு மாதம் 60. மூன்று சிம், ஒவ்வொன்றுக்கும் 25. மொத்தம் 135. வைஃபை தரும் பெட்டியான ரூட்டர் சொந்தம். இப்போது ஒரு காம்போ வருகிறது: மாதம் 115, எல்லாம் உள்ளடக்கம். மாதம் 20 லாபம் என்று உடனே தோன்றும். நிபந்தனையைப் படித்தால் 115 என்பது முதல் 12 மாதத்துக்கு. அதன் பிறகு 140. ஒப்பந்தம் 24 மாதம். அவர்கள் ரூட்டரைத்தான் போட வேண்டும், அதற்கு மாத வாடகை 5. பொருத்துக் கூலி ஒருமுறை 40.

24 மாதத்துக்குக் கூட்டுவோம். காம்போ: 115-ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 1380. 140-ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 1680. ரூட்டர் வாடகை 120. பொருத்துக் கூலி 40. ஆக மொத்தம் 3220. தனித்தனியாக: 135-ஐ 24-ஆல் பெருக்கினால் 3240. இரண்டு வருடத்தில் மிச்சம் 20 அலகு. மாதம் 20 என்று நினைத்தது இரண்டு வருடத்துக்கு 20 ஆகிவிட்டது.

சரி, இப்போது முதல் படியில் எழுதிய தாளை எடுங்கள். மூன்று பேரில் இரண்டு பேர் வெளியே அதிகம் டேட்டா பயன்படுத்துவதில்லை, அவர்களுக்கு 15 அலகு பிளான் போதும் என்று தெரிகிறது. தனித்தனியாக வைத்துக்கொண்டே பிளானை மட்டும் குறைத்தால் 60, 25, 15, 15: மாதம் 115. அதாவது காம்போவின் அறிமுக விலையே, ஒப்பந்தம் எதுவும் இல்லாமல். இரண்டு வருடத்துக்கு 2760. காம்போவைவிட 460 குறைவு.

எல்லா வீட்டிலும் விடை இப்படியே வராது. நாலைந்து பேர், எல்லோரும் வெளியே சுற்றுபவர்கள், எல்லோருக்கும் பெரிய பிளான் உண்மையாகவே தேவை என்றால் காம்போ நன்றாகவே ஜெயிக்கும். கூடுதல் சிம் ஒவ்வொன்றும் மலிவாகிக்கொண்டே போகும் திட்டங்களில் இது இன்னும் கூடும். ஓடிடி சந்தாவை ஏற்கெனவே காசு கொடுத்து வாங்குபவர் அந்தத் தொகையையும் கணக்கில் சேர்க்கலாம். ஆனால் வாங்கியிருக்கவே மாட்டோம் என்ற சந்தாவுக்குக் கணக்கில் மதிப்புப் போடாதீர்கள். "இவ்வளவு மதிப்புள்ள சந்தா இலவசம்" என்பது அவர்கள் சொல்லும் மதிப்பு.

புது போன் தவணையும் காம்போவில் சேர்ந்து வந்தால் அதைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். இணைய ஒப்பந்தம் 24 மாதம், போன் தவணை 36 மாதம் என்று இரண்டு வேறு முடிவுத் தேதி இருந்தால், இரண்டில் கடைசியாக முடிவது முடியும்வரை நீங்கள் முழுதாக விடுபட்டவராக இருக்க மாட்டீர்கள். போனைக் கடையில் தனியாக வாங்கிவிடுவது நல்லது என்பது என் கட்சி.

நான்காம் படி: கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

கேள்விகளைத் தொலைபேசியில் கேட்காதீர்கள். சாட்டிலோ மின்னஞ்சலிலோ கேளுங்கள், பதில் எழுத்தில் இருக்கும். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

முதலில் கேட்க வேண்டியது: ஒரு சிம்மை மட்டும் விலக்கினால் மீதிக்கு என்ன விலை? பல காம்போக்களில் ஒரு உறுப்பைக் கழற்றினால் தள்ளுபடி முழுதும் போய்விடும். மீதம் இருப்பவற்றுக்குத் தனி விலை கட்ட வேண்டியிருக்கும். அடுத்து: வேறு முகவரிக்குப் போனால், அங்கே உங்கள் இணைப்பு இல்லையென்றால், அபராதம் உண்டா? மொபைல் அப்போது என்ன ஆகும்? பிறகு: விலை நடுவில் ஏறுமா, எவ்வளவு ஏறும்? வரம்பற்றது என்கிறீர்களே, எத்தனை ஜிபிக்குப் பிறகு வேகம் குறையும், எவ்வளவுக்குக் குறையும்? ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி வரம்பு உண்டா? இந்த நாலைந்து கேள்விக்கு மழுப்பாமல் பதில் வந்தாலே அந்தக் கம்பெனியைப் பாதி நம்பலாம்.

சட்டமும் இதில் இடத்துக்கு இடம் மாறுகிறது, உங்கள் நாட்டின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்பதற்குச் சில உதாரணங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018-ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டத் தொகுப்பின்படி வாடிக்கையாளரை 24 மாதத்துக்கு மேல் ஒப்பந்தத்தில் கட்டிவைக்கக் கூடாது. காம்போவில் ஒரு சேவை ஒப்பந்தப்படி இல்லாததால் அதை ரத்து செய்யும் உரிமை வந்தால், முழு காம்போவையும் ரத்து செய்யும் உரிமை கூடவே வரும். இந்த விதி இல்லாத இடத்தில், இணையம் ஓடாவிட்டாலும் சிம்முக்கான ஒப்பந்தம் உங்களை விடாமல் போகலாம். பிரிட்டனில் 2025 ஜனவரி 17 முதல் போடும் புது ஒப்பந்தங்களில், நடுவில் விலை ஏறுமானால் அது எவ்வளவு என்பதைப் பணவீக்க சதவீதத்தில் மறைக்காமல் பவுண்டு, பென்ஸ் கணக்கில் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்காம் விதித்திருக்கிறது. அமெரிக்காவில் 2024 முதல் ஒவ்வொரு இணையத் திட்டத்துக்கும் விலை, கட்டணங்கள், வேகம், டேட்டா வரம்பு எல்லாம் ஒரே வடிவில் உள்ள சீட்டு காட்டியாக வேண்டும், உணவுப் பாக்கெட்டில் சத்துப் பட்டியல் இருப்பதுபோல. உங்கள் ஊரில் அப்படிச் சீட்டு கிடையாது என்றால், மேலே சொன்ன கேள்விகளைக் கேட்டு நீங்களே ஒன்று தயாரித்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருப்பதில் உள்ள ஆபத்து

2022 ஜூலை 8 அன்று கனடாவில் ரோஜர்ஸ் என்ற தொலைத்தொடர்புக் கம்பெனியின் நெட்வொர்க் விழுந்தது. பராமரிப்பு வேலையின்போது செய்த ஒரு மாற்றம், மையத்தில் இருக்கும் ரூட்டர்களைத் தகவல் வெள்ளத்தில் மூழ்கடித்துவிட்டது. அந்த மையம் வீட்டு இணையத்துக்கும் மொபைலுக்கும் பொதுவானது. ஆகவே 1.2 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்கு இரண்டும் சேர்ந்தே போயிற்று. கடைகளில் டெபிட் கார்டு ஓடவில்லை, அவசர உதவி எண்ணுக்கே பலரால் அழைக்க முடியவில்லை. அதன் பிறகுதான் இரண்டுக்கும் தனித்தனி மையம் அமைப்பதாக அந்தக் கம்பெனி அறிவித்தது. 2023 நவம்பர் 8 அன்று ஆஸ்திரேலியாவில் ஆப்டஸ் என்ற தொலைத்தொடர்புக் கம்பெனி அதேபோல் பல மணி நேரம் முடங்கியது. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 1 கோடி பேர்.

இப்படி நடப்பது அபூர்வம், தினமும் பயந்துகொண்டிருக்க வேண்டாம். ஆனால் சின்ன அளவில் அடிக்கடி நடக்கும்: தெருவில் பள்ளம் தோண்டுபவர் கேபிளை வெட்டிவிடுவார், இணையம் இரண்டு நாள் வராது. அப்போது போனின் ஹாட்ஸ்பாட்தான் துணை. அந்தப் போன் வேறு கம்பெனியுடையது என்றால் துணை இன்னும் உறுதி. எல்லா சிம்மையும் காம்போவுக்குள் கொண்டுபோனாலும், வீட்டில் ஒரே ஒரு எண்ணையாவது வேறு நெட்வொர்க்கில் விட்டுவையுங்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவருடைய எண்ணாக அது இருந்தால் நல்லது. மின்சாரத்தையும் யோசியுங்கள்: ஃபைபர் பெட்டிக்கும் ரூட்டருக்கும் உங்கள் வீட்டு மின்சாரம்தான். கரண்ட் போனால் வைஃபை காலிங்கும் போகும். ரூட்டருக்கென்றே வரும் சின்ன பேட்டரி பெட்டி ஒன்று வாங்கி மாட்டிவிடலாம்.

ஐந்தாம் படி: யார் பெயரில்

காம்போ ஒருவர் பெயரில் இருக்கும், பில்லும் அவருக்கே வரும். வசதிதான். ஆனால் சிம் யார் பெயரில் பதிவாகிறது என்று கேளுங்கள். எல்லா எண்ணும் ஒருவர் பெயரிலேயே போனால், பிள்ளை வளர்ந்து தனியே போகும்போதோ, குடும்பத்தில் மனக்கசப்பு வந்து பிரியும்போதோ, பெயரில் இருப்பவர் இறந்துவிட்டாலோ, மற்றவர்கள் தங்கள் எண்ணைத் தங்களுடையது என்று நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும். வங்கிக் கணக்கு முதல் அரசு சேவை வரை ஓடிபி வருவது அந்த எண்ணுக்குத்தான்.

இதைவிடக் கஷ்டமான சூழ்நிலை ஒன்று உண்டு. வீட்டு இணையம் ஓடவில்லை, குறை சொல்லியும் சரிசெய்யவில்லை, கோபத்தில் பில் கட்டாமல் நிறுத்துகிறீர்கள். பில் ஒன்றே என்பதால் அவர்கள் நிறுத்துவது இணையத்தை மட்டுமாக இருக்காது. வீட்டில் அத்தனை பேரின் போனும் நிற்கலாம். தகராறு இருக்கும் பகுதியை மட்டும் நிறுத்திவைத்து மீதியைக் கட்ட வழி இருக்கிறதா என்று முன்பே கேட்டு வையுங்கள். இல்லையென்றால் பணத்தைக் கட்டிவிட்டுப் புகார் செய்வதுதான் பாதுகாப்பு.

இணையக் கம்பெனி இலவசமாகத் தரும் மின்னஞ்சல் முகவரியை எதற்கும் பயன்படுத்த வேண்டாம். எண்ணை வேறு கம்பெனிக்குக் கொண்டுபோகலாம், அந்த முகவரியைக் கொண்டுபோக முடியாது.

ஆறாம் படி: மாறும் வரிசை

வாங்குவது என்று முடிவாகிவிட்டதா? வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

முதலில் புது வீட்டு இணைப்பு வரட்டும். பழையதை அப்போதே நிறுத்தாதீர்கள். இரண்டு வாரம் இரண்டும் ஓடினால் கொஞ்சம் கூடுதல் செலவுதான், ஆனால் அந்த இரண்டு வாரத்தில் எல்லாக் குறையும் தெரிந்துவிடும். பொருத்த வருபவரிடம் பெட்டியை வாசலோரச் சுவரிலேயே மாட்ட விடாதீர்கள். அவருக்கு அதுதான் சுலபம், உங்களுக்கு அல்ல. வீட்டின் நடுப்பகுதிக்குக் கேபிளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அவர் கிளம்புவதற்கு முன் லேப்டாப்பை லேன் கேபிள் வழியாக ரூட்டரில் சொருகி வேகம் பாருங்கள். கேபிளில் சொன்ன வேகம் வந்து, தூரத்து அறையில் வைஃபையில் வரவில்லை என்றால் குறை வீட்டுச் சுவரில். கேபிளிலேயே வரவில்லை என்றால் குறை பெரும்பாலும் அவர்கள் லைனில். இந்த ஒரு சோதனையைச் செய்து வைத்தால் பின்னால் வாடிக்கையாளர் சேவையுடன் நடக்கும் வாக்குவாதத்தில் பாதி மிச்சம். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது, ஆனால் சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும், 2.4 கிகாஹெர்ட்ஸ் மெதுவானது, தூரம் போகும். தூரத்து அறைக்கு அதையே பயன்படுத்துங்கள்.

இணையம் சரியாக ஓடுகிறது என்று உறுதியான பிறகு எண்களை மாற்றுங்கள், ஒவ்வொன்றாக. முதலில் போன் பழைய கம்பெனியின் சிம்மில் மட்டும் ஓடும்படி பூட்டப்படாததா என்று பாருங்கள். குறைந்த முக்கியத்துவம் உள்ள எண்ணை முதலில் அனுப்புங்கள். வங்கி எண் கடைசியில். எண்ணை வைத்துக்கொண்டே மாறும் வசதி இப்போது பெரும்பாலான நாடுகளில் உண்டு. ஆனால் பழைய சிம்மை நீங்களாக ரத்து செய்துவிட்டு மாற்றக் கேட்கக் கூடாது. ரத்தான எண் கைவிட்டுப் போன எண். மாற்றும் விண்ணப்பத்தை உயிரோடு இருக்கும் எண்ணிலிருந்துதான் கொடுக்க வேண்டும். மாற்றம் முடிந்ததும் பழையது தானாகவே முடிவுக்கு வரும். மாறும் நாளில் சில மணி நேரம் குறுஞ்செய்தி வராமல் போகலாம் என்பதால், அன்று பணம் அனுப்பும் வேலை, டிக்கெட் எடுக்கும் வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

முதல் பில் வந்ததும் வரி வரியாகப் பாருங்கள். பாதி மாதக் கணக்கு, பொருத்துக் கூலி, தள்ளுபடி எல்லாம் அதில் குழம்பிக் கிடக்கும். உங்களிடம் இருக்கும் ஸ்க்ரீன்ஷாட்டுடன் ஒப்பிட்டு, தவறு இருந்தால் அந்த மாதமே கேளுங்கள். மூன்று மாதம் கழித்துக் கேட்டால் "அப்பவே சொல்லியிருக்கணும்" என்பார்கள்.

யாருக்கு வேண்டாம்

ஒரு வருடத்துக்குள் வீடு மாறும் எண்ணம் இருப்பவர், ஒரே ஒரு சிம் வைத்திருக்கும் தனி ஆள், அறையைப் பகிர்ந்து தங்கியிருக்கும் நண்பர்கள்: இவர்கள் தனித்தனியாகவே வாங்கலாம். நண்பர்களில் ஒருவர் பெயரில் காம்போ எடுத்து மற்றவர்கள் பங்கு கொடுப்பது, முதலாமவர் கிளம்பும் நாளில் யாருக்கும் நல்லதாக முடியாது.

எடுத்தவர்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று மிச்சமிருக்கிறது. தள்ளுபடி முடியும் தேதியையும் ஒப்பந்தம் முடியும் தேதியையும், ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம் முன்னதாக, போன் காலண்டரில் போட்டு வையுங்கள். தள்ளுபடி முடியும்போது கம்பெனி தானாகக் கூப்பிட்டு, "விலை ஏறப்போகுது, வேறு பிளான் பாருங்க" என்று சொல்லும் என எதிர்பார்க்க வேண்டாம். ஒப்பந்தம் முடியும் மாதத்தில் நீங்கள் கூப்பிட்டு, போட்டிக் கம்பெனியின் விலையைச் சொல்லி, விலகப் போவதாகச் சொன்னால், அதுவரை இல்லாத விலை ஒன்று பல நேரம் வெளியே வரும். ஒத்துவரவில்லை என்றால் உள்ளே வந்த அதே வரிசையில் வெளியேறலாம்: புது இணைப்பு முதலில், எண்கள் அடுத்து, பழையதை நிறுத்துவது கடைசியில். ரூட்டரைத் திருப்பிக் கொடுக்கும்போது அதன் சீரியல் எண் எழுதிய ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். "பெட்டி வரவில்லை" என்று இரண்டு மாதம் கழித்து ஒரு பில் வந்தால், காட்ட அந்த ரசீதுதான் இருக்கும்.